மந்திரத்தைப் பாதியாக்காதீர்கள்: டர்பன் கேம் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

கரும்புத் தோட்டத்துக் கதையை கேமாகச் செய்துவரும் தம்பி தங்கைகளுக்கு,

வணக்கம்.

போன மாதம் சாட்ஸ்வர்த்தில், எங்கள் கோயில் மண்டபத்தில், உங்கள் கேமின் முதல் பகுதியைத் திரைகட்டிக் காட்டினீர்கள். நான் மூன்றாம் வரிசையில் இருந்தேன். தோட்டத்து வேலைக்கு நம் முன்னோரை முதன்முதலில் ஏற்றிக்கொண்டு 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து டர்பனுக்கு வந்த ‘ட்ரூரோ’ கப்பல் கரை தொடும் காட்சியோடு தொடங்கினீர்கள். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பாட்டி ஒருவர் அதைப் பார்த்துக் கைகூப்பினார். அந்த இடத்திலேயே நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

“யாராவது இரண்டு பேர் வந்து ஆடுங்கள்” என்றீர்கள். என் தம்பி பிள்ளைகள் இருவரும் ஓடினார்கள். பையனுக்குப் பத்து வயது, மந்திரவாதியை எடுத்தான். அவன் அக்காவுக்குப் பதின்மூன்று. கரும்பு வெட்டும் கத்தியோடு வரும் பெண்ணை எடுத்தாள். முதல் அரக்கர் கூட்டம் வந்தது. பையன் வரப்பின் மேல் நின்ற இடத்திலேயே ஒரு பட்டனை அழுத்தினான். எட்டு அரக்கர்களும் எரிந்தார்கள். அவள் கரும்புக்குள் புகுந்து ஓடிப்போய்ச் சேர்ந்தபோது அங்கே சாம்பல்தான் இருந்தது. இரண்டாவது கூட்டமும் அப்படியே, மூன்றாவதும் அப்படியே. நான்காவது முறை அவள் ஓடவில்லை. வாய்க்கால் ஓரமாக நின்று சும்மா கத்தியை வீசிக்கொண்டிருந்தாள். பக்கத்திலிருந்த கரும்புகள் சரிந்து விழுந்தன. “அத்தை, கரும்பு வெட்டுது பாருங்க!” என்று திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்த அரை மணி நேரத்தில் அவள் சிரித்தது அப்போது மட்டும்தான். கொஞ்ச நேரத்தில் கன்ட்ரோலரை நாற்காலியில் வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

நீங்களும் அதைக் கவனித்தீர்கள். நிகழ்ச்சி முடிந்ததும் உங்களில் ஒருவர் ஒலிவாங்கியை வாங்கி, “மந்திரம் ரொம்பப் பலமாகிவிட்டது, அடுத்த பதிப்பில் டேமேஜை, அதாவது அடியின் பலத்தை, பாதியாக்கிவிடுகிறோம்” என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். என்னால் தட்ட முடியவில்லை. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

என்னைப் பற்றி இரண்டு வரி. சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். 1998-இல் ‘பால்டர்ஸ் கேட்’ என்ற கேம் வந்தபோது தம்பியின் கம்ப்யூட்டரில், அவன் தூங்கிய பிறகு ஆடத் தொடங்கியவள். அன்றிலிருந்து இன்றுவரை எந்த கேமானாலும் முதலில் வாளைத்தான் எடுப்பேன். மந்திரத்தின் மேல் பொறாமை இல்லை. மந்திரம் மந்திரமாக இருக்க வேண்டும், அதைக் கண்டால் உடம்பு சிலிர்க்க வேண்டும் என்றுதான் நானும் ஆசைப்படுகிறேன்.

முதலில் உங்கள் எண்களையே எடுத்துக்கொள்கிறேன். திரையில் தெரிந்தவற்றைக் குறித்து வைத்திருந்தேன். பத்தாம் லெவலில் அக்கினி அஸ்திரம் ஒருவருக்கு 60 புள்ளி டேமேஜ் தருகிறது. எட்டுப் பேர் மேல் விழுந்தால் 480. அது வெளிவரும் நேரத்தில் கத்திக்காரி இரண்டு வீச்சு வீசலாம். ஒரு வீச்சுக்கு 34, மொத்தம் 68. ஏழு மடங்கு வித்தியாசம். சரி, பாதியாக்குங்கள். கூட்டத்தின் மேல் 240. இன்னும் கத்தியைவிட மூன்றரை மடங்கு. என் மருமகள் இன்னும் சாம்பலைத்தான் பார்ப்பாள். இப்போது கடைசியில் தனியாக வரும் பெரிய எதிரியான பாஸிடம் போங்கள். முன்பு அஸ்திரம் 60, கத்தி 68. ஏறக்குறைய சமமாக இருந்த ஒரே இடம் அதுதான். பாதியாக்கிய பிறகு அஸ்திரம் 30, கத்தி 68. அங்கே பையன் கன்ட்ரோலரைக் கீழே வைப்பான். கூட்டத்தில் இருந்த கோளாறு அப்படியே இருக்க, நன்றாக இருந்த இடத்தையும் கெடுத்துக்கொள்வீர்கள். டேமேஜ் எண் அந்தக் கோளாற்றுக்குக் காரணமே இல்லை. அவன் அந்தப் பட்டனை அழுத்த எதையும் கொடுக்கவில்லை என்பதுதான் காரணம். மந்திரத்துக்குச் செலவாகும் சக்தியான மானா எட்டு நொடியில் தானாக நிரம்பிவிட்டது. நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. அவனை நோக்கி ஒரு அரக்கன்கூட வரவில்லை.

இந்தச் சிக்கல் உங்களோடு தொடங்கியதல்ல. 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டைத் தாளும் பகடையுமாக வெளியிட்ட நாளிலிருந்து இது இருக்கிறது. ஆனால் அந்தப் பழைய மேசை விளையாட்டில் மந்திரவாதி தன் பலத்துக்கு முன்கூட்டியே விலை கொடுத்தான். தொடக்கத்தில் அவனுக்கு நாளுக்கு ஒரே ஒரு மந்திரம். காலையில் மனப்பாடம் செய்ய வேண்டும். சொன்னதும் அது மனத்தைவிட்டுப் போய்விடும். பிற்காலப் பதிப்புகளில் உயிர்ப்புள்ளிக்கு அவன் உருட்டியது நான்கு முகப் பகடை. வீரனோ பத்து முகப் பகடை உருட்டினான். 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பில் வீரன் இரண்டாம் லெவலுக்குப் போக 2,000 அனுபவப்புள்ளி போதும், மந்திரவாதிக்கு 2,500 வேண்டும். ஒரு பூனை பிறாண்டினாலே சாகக்கூடிய ஆளை நண்பர்கள் நான்கு பேர் சுற்றி நின்று மாதக்கணக்கில் காப்பாற்றி வளர்ப்பார்கள். பிறகு ஒருநாள் அவன் நெருப்புக்கோளத்தை எறிவான். ஐந்தாம் லெவலில் ஐந்து ஆறுமுகப் பகடை, சராசரி பதினேழரை. அது அந்த வட்டத்தில் நிற்கிற ஒவ்வொருவருக்கும். மேசையைச் சுற்றி எல்லோரும் கூச்சல் போடுவார்கள், ஏனென்றால் அந்த நெருப்பில் எல்லோருடைய பங்கும் இருந்தது.

கம்ப்யூட்டருக்கு வந்தபோது பலம் வந்தது, விலை வரவில்லை. தூக்கம் ஒரு பட்டன் ஆகிவிட்டது. நான் 1998-இல் ஆடியபோதே ஒவ்வொரு சண்டைக்கும் பிறகு அணியைத் தூங்க வைத்து எல்லா மந்திரத்தையும் திரும்ப வாங்கிக்கொள்வேன். நாளுக்கு இத்தனைதான் என்ற கட்டுப்பாடு பெயரளவில்தான் இருந்தது. 2023-இல் வந்த ‘பால்டர்ஸ் கேட் 3’ நீண்ட ஓய்வுக்கு 40 உணவுப்புள்ளி கேட்கிறது. நல்ல எண்ணம். ஆனால் வழியில் காணும் பெட்டியிலெல்லாம் ரொட்டியும் ஆப்பிளும் கிடக்கும்போது அந்த நாற்பது யாருக்கும் உறைக்கவில்லை. விலை வைத்தால் மட்டும் போதாது, அது அருமையாகவும் இருக்க வேண்டும்.

‘ஸ்கைரிம்’ உங்களில் பலர் ஆடியிருப்பீர்கள். 2011-இல் வந்தது. அதில் அழிவு மந்திரத்தின் திறன் ஏறினால் மானாச் செலவு குறையும், ஆனால் அடியின் பலம் ஏறாது. இடையில் சில பெர்க்குகள் (லெவல் ஏறும்போது தேர்ந்தெடுக்கும் கூடுதல் திறமைகள்) கொஞ்சம் கூட்டும், அவ்வளவுதான். வாளுக்கோ திறன் ஏறினால் அடி ஏறும், பட்டறையில் தீட்டினால் ஏறும், மேலே மந்திரம் பதித்தால் இன்னும் ஏறும். அப்படியானால் மந்திரவாதி தோற்றுப்போனானா? அதுவும் இல்லை. பதிக்கும் திறன் 100 ஆனதும் தலை, மார்பு, மோதிரம், கழுத்தணி நான்கிலும் 25 சதவீதச் செலவுக்குறைப்பைப் பதித்துப் போட்டுக்கொண்டால் அழிவு மந்திரத்துக்குச் செலவே கிடையாது. அதற்கான பெர்க்கையும் எடுத்துக்கொண்டு இரண்டு கையிலும் ஒரே மந்திரத்தைப் பிடித்து விட்டால் எதிரி தள்ளாடுவான்; தள்ளாட்டம் தீருமுன் அடுத்தது, அதற்கடுத்தது. டிராகனே ஆனாலும் நின்ற இடத்தில் தலையாட்டிக்கொண்டே சாகும். நான் ஒருமுறை அப்படி ஆடினேன். இரண்டாம் நாள் விட்டுவிட்டேன். அடி குறைவு, செலவு சூனியம்: நீங்கள் இப்போது போகத் திட்டமிட்டிருக்கும் பாதை கடைசியில் போய்ச் சேரும் ஊர் அதுதான்.

இன்னொரு பாதையும் உண்டு, எல்லோரையும் ஒரே அச்சில் வார்ப்பது. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் நான்காம் பதிப்பு 2008-இல் அதைச் செய்தது. வீரனுக்கும் மந்திரவாதிக்கும் ஒரே மாதிரிப் பட்டியல்: எப்போதும் செய்யக்கூடியவை, சண்டைக்கு ஒருமுறை செய்யக்கூடியவை, நாளுக்கு ஒருமுறை செய்யக்கூடியவை. கணக்கு நேராக வந்தது. ஆனால் எல்லோரும் ஒரே ஆள் மாதிரி இருக்கிறார்களே என்று பலர் விலகிப்போனார்கள். 2014-இல் ஐந்தாம் பதிப்பு அந்த அச்சை விட்டுவிட்டது. ‘டிவினிட்டி: ஒரிஜினல் சின் 2’ வேறு விதமாக முயன்றது. எதிரிக்கு வாளைத் தடுக்கும் உடல் கவசம் ஒன்று, மந்திரத்தைத் தடுக்கும் மந்திரக் கவசம் ஒன்று. தனித்தனியாகப் பார்த்தால் நியாயமாகத் தெரியும். ஆனால் நால்வர் அணியில் இருவர் வாள், இருவர் மந்திரம் என்று போனால் ஒருவர் உடைத்த கவசம் மற்றவருக்கு உதவாது. ஒரே பக்கம் சாய்வதுதான் லாபம் என்று சீக்கிரமே எல்லோருக்கும் புரிந்துவிடும். அக்காவும் தம்பியும் சேர்ந்து ஆட வேண்டிய கேமில் இது வேண்டவே வேண்டாம்.

இப்போது நம் வீட்டுக்கு வருகிறேன்.

என் தாத்தா கூத்தாடி. இங்கே நாம் ‘சிக்ஸ் ஃபுட் டான்ஸ்’ என்று சொல்கிறோமே, அதே தெருக்கூத்துதான். தோட்டத்து வேலைக்கு வந்தவர்கள் கப்பலில் கொண்டுவந்த சொத்து அது. நான் சிறுமியாக இருந்தபோது மவுண்ட் எட்ஜ்கம் பக்கம் விடிய விடிய நடக்கும். அர்ச்சுனன் அம்பு விடுவதற்கு முன்னால் தாத்தா கிரீடத்தோடு சுழன்று சுழன்று ஆடுவார், நின்று விருத்தம் பாடுவார், மூச்சு வாங்குவார், மறுபடி சுழல்வார். நாங்கள் பாயில் உட்கார்ந்து “விடுங்க, விடுங்க” என்று கத்துவோம். பீமன் வேடக்காரருக்கு அந்தக் காத்திருப்பே கிடையாது. கதாயுதத்தைத் தூக்கிக்கொண்டு நேரே எங்கள் நடுவில் பாய்ந்துவிடுவார், பிள்ளைகள் அலறிக்கொண்டு ஒதுங்குவோம். அஸ்திரத்துக்கு நேரம், ஆயுதத்துக்கு இடம். அந்த வேறுபாட்டை யாரும் எங்களுக்கு விளக்கிச் சொல்லவில்லை, ஆட்டத்திலேயே இருந்தது.

பாரதக் கதையை நீங்கள் கேமுக்கு அடித்தளமாக வைத்திருக்கிறீர்கள். ஆனால் அதிலிருந்து அஸ்திரங்களின் பெயர்களை மட்டும் எடுத்திருக்கிறீர்கள், அவற்றின் விலையை எடுக்கவில்லை. கர்ணனைப் பாருங்கள். இந்திரனிடமிருந்து சக்தி ஆயுதத்தை எப்படிப் பெற்றான்? உடம்போடு பிறந்த கவசத்தையும் குண்டலத்தையும் அறுத்துக் கொடுத்துப் பெற்றான். மந்திரவாதி ஏன் கவசம் போடக்கூடாது என்று எல்லா கேமிலும் பிள்ளைகள் கேட்கிறார்கள். இதைவிட நல்ல பதில் எந்த கேமிலும் நான் பார்த்ததில்லை. அந்த ஆயுதத்தையும் ஒரே ஒருமுறைதான் விடலாம். அர்ச்சுனனுக்கென்று பொத்திப் பொத்தி வைத்திருந்தான். பதினான்காம் நாள் இரவில் கடோத்கசன் மாயப்போர் தொடுத்துச் சேனையைத் துவைத்தபோது வேறு வழியில்லாமல் அவன் மேல் விட்டுவிட்டான். இரண்டு பக்கமும் அதற்குப் பிறகு வேறு போரையே செய்தன. பிரம்மாஸ்திரம் இருக்கிறதே, அது வேண்டிய நேரத்தில் நினைவுக்கு வராமல் போகட்டும் என்று பரசுராமர் சாபமிட்டிருந்தார். தேர்ச்சக்கரம் புதைந்து நின்றபோது மந்திரம் மறந்துபோனது. மனப்பாடம், மறதி இரண்டையும் வைத்து 1974-இல் பகடையால் செய்ததை நம் பாட்டிகள் கதையாகவே சொல்லி வந்திருக்கிறார்கள்.

நாராயணாஸ்திரம் இன்னும் அழகு. துரோணர் இறந்த பிறகு அசுவத்தாமன் அதை விட்டான். எதிர்த்து நின்றவர்களை அது மேலும் மேலும் தாக்கியது. ஆயுதத்தைக் கீழே போட்டுவிட்டு இறங்கி நில்லுங்கள் என்றார் கிருஷ்ணர், போட்டவர்கள் தப்பினார்கள். இன்னொருமுறை விடு என்று துரியோதனன் கேட்டபோது இரண்டாம் முறை விட முடியாது என்றான் அசுவத்தாமன். வாள் பிடித்தவன் செய்யக்கூடிய பதில் நடவடிக்கை ஒன்று அந்த அஸ்திரத்துக்குள்ளேயே இருக்கிறது பாருங்கள்! என் மருமகளுக்கு அப்படி ஒரு கணத்தைக் கொடுங்கள். வானம் சிவக்கும்போது கத்தியைக் கீழே போடும் பட்டனைத் தேடி அவள் கை நடுங்கட்டும்.

இனி உங்கள் கேமின் நிலத்துக்கு வருகிறேன். இதைப் பற்றித்தான் எனக்கு மிகவும் பேச ஆசை.

கரும்புக் காட்டில் நெருப்பு என்றால் என்ன என்று நம் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரியும். அறுவடைக்கு முன்னால் சோகையை, காய்ந்த இலைகளை, எரிப்பார்கள். டர்பனுக்கு வடக்கே கடற்கரைப் பக்கம் காயப்போட்ட துணியிலெல்லாம் கருப்புச் சாம்பல் வந்து ஒட்டும். என் ஆயா வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் துணி உலர்த்துவார். அந்த நெருப்பு காற்று போகிற பக்கம் போகும். உங்கள் அக்கினி அஸ்திரமோ எட்டு அரக்கர்களை எரித்துவிட்டு அவர்கள் நின்ற கரும்பை அப்படியே பச்சையாக விட்டுவைக்கிறது! எரியட்டுமே. கரும்பு பற்றிக்கொள்ளட்டும். காற்றின் திசையை மரக்கிளை அசைவில் காட்டுங்கள். தவறான பக்கம் நின்று எய்தால் நெருப்பு தன் அணி மேலேயே, பின்னால் இருக்கும் தோட்டக் குடியிருப்பின் மேலேயே திரும்பட்டும். அடி 60-ஆகவே இருக்கட்டும், 90-கூட வையுங்கள். இப்போது அந்தப் பையன் பட்டனை அழுத்தும் முன் ஒரு நொடி யோசிப்பான். அந்த ஒரு நொடிதான் விலை.

அந்த நெருப்பை நிறுத்துவது யார்? கரும்புக் கத்தி வைத்திருப்பவள்தான். தோட்டத்தில் நெருப்பு மீறாமல் இருக்க வரிசையாகக் கரும்பை வெட்டி இடைவெளி விடுவார்கள். உங்கள் கேமில் கத்தி ஏற்கெனவே கரும்பை வெட்டுகிறது. அந்தப் பெண் அதைத்தான் கண்டுபிடித்துச் சிரித்தாள்! நீங்கள் அலங்காரமாக வைத்ததைத் தொழிலாக்குங்கள். அவள் முன்னால் ஓடி ஒரு வரிசை வெட்டித் தள்ளுகிறாள், அரக்கர்கள் அந்தப் பக்கம் சிக்குகிறார்கள், “இப்போ விடுடா!” என்று கத்துகிறாள்; அவன் விடுகிறான்; நெருப்பு அவள் வெட்டிய கோட்டில் வந்து நிற்கிறது. யாருடைய அடி எத்தனை என்று அதற்குப் பிறகு யாரும் எண்ணப் போவதில்லை.

கத்தி இன்னும் என்னென்ன செய்யலாம் என்றும் யோசியுங்கள். இப்போது அது செய்வது ஒன்றே ஒன்று: அடி. மந்திரவாதியின் பட்டியலில் எரிக்கலாம், உறையவைக்கலாம், பறக்கலாம், மறையலாம், பூட்டைத் திறக்கலாம். அவனிடம் பன்னிரண்டு வினைச்சொற்கள், அவளிடம் ஒன்று. தமிழ் வாத்தியார் கண்ணுக்கு முதலில் படுவது அதுதான். கத்தியால் வழி வெட்டலாம், மறைவிடத்தை அழிக்கலாம், கயிற்றை அறுக்கலாம், எதிரி ஓங்கிய கையைத் தட்டிவிடலாம். சிலம்பம் சுற்றுகிறவரைப் பார்த்திருக்கிறீர்களா? யாரையும் அடிக்க வேண்டியதில்லை. கோல் சுழலும் வட்டத்துக்குள் ஒருவரும் கால் வைக்க மாட்டார்கள். அவள் நிற்கும் இடம் அவளுடையதாக இருக்க வேண்டும். ‘பால்டர்ஸ் கேட் 3’ ஆயுதங்களுக்கென்று தனிச் செயல்களைத் தந்தது, ‘எல்டன் ரிங்’ 2022-இல் மந்திரம் குடிக்கும் அதே நீலக்கோட்டிலிருந்து வாளுக்கும் வித்தைகளைத் தந்தது. இரண்டையும் மதிக்கிறேன். ஆனால் எல்டன் ரிங்கில் பாதி நேரம் என் வாளிலிருந்து மந்திரம்தான் புறப்பட்டது. கரும்புக் கத்தியிலிருந்து மின்னல் வர வேண்டாம். அது கரும்புக் கத்தியாகவே இருந்துகொண்டு மந்திரவாதியால் செய்ய முடியாததைச் செய்யட்டும்.

அரக்கர்களுக்கும் கொஞ்சம் அறிவு வேண்டும். இப்போது அவர்கள் பக்கத்தில் இருப்பவரை நோக்கி ஓடுகிறார்கள். மந்திரம் சொல்பவனை அடையாளம் கண்டு அவனை நோக்கி ஓடும் ஒரு வகை அரக்கனையாவது வையுங்கள். இந்திரசித்து நிகும்பலையில் யாகம் முடித்துவிட்டால் வெல்ல முடியாது என்று தெரிந்துதான் இலட்சுமணன் முடியும் முன்பே போய்க் கலைத்தான். மந்திரத்துக்கு மூன்று நொடி வேண்டும், அந்த மூன்று நொடியும் அடி விழாமல் இருக்க வேண்டும் என்று வைத்தால் வரப்பின் மேல் குறுக்கே நிற்க ஒரு ஆள் தேவைப்படுகிறது. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பில் நீடித்து நிற்கும் மந்திரங்கள் பலவற்றுக்கு மனஒருமை வேண்டும். அடி விழுந்தால் கலையலாம், ஒரு நேரத்தில் ஒன்றுதான். அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

ஆன்லைனில் சேர்ந்து ஆடும் வசதி பிறகு வரும், சர்வரை ஐரோப்பாவில் வாடகைக்கு எடுப்போம் என்று ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. இதை மட்டும் மறுபடி யோசியுங்கள். டர்பனிலிருந்து லண்டன் நேர்கோட்டில் சுமார் 9,500 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2,00,000 கிலோமீட்டர்தான் ஓடும். போய்வர நேர்வழியே 95 மில்லிநொடி. கடலடி கேபிள் சுற்றி வருவதால் 150-க்குக் குறைவாக நான் பார்த்ததில்லை. திரை நொடிக்கு அறுபது முறை மாறுகிறது என்றால் அது ஒன்பது ஃபிரேம். தூரத்தில் நின்று ஒரு வட்டத்தைக் குறித்து நெருப்பைவிடுகிறவனுக்கு ஒன்பது ஃபிரேம் ஒன்றும் செய்யாது. எதிரியின் கை ஓங்கும்போது தட்டிவிட வேண்டியவளுக்கு அது உயிர். வெளிநாட்டு கேம்களில் நான் வருஷக்கணக்கில் செத்தது பெரும்பாலும் இப்படித்தான்: திரையில் தட்டிவிட்டிருப்பேன், சர்வரில் ஏற்கெனவே வெட்டுப்பட்டிருப்பேன். வாளைவிட மந்திரம் பலமா என்ற கேள்விக்கு லண்டனில் ஒரு பதிலும் டர்பனில் வேறு பதிலும் உண்டு. வாளும் மந்திரமும் சமமாக இருக்கிறதா என்று பேலன்ஸ் பார்ப்பவர்கள் தங்கள் ஊரிலேயே உட்கார்ந்து பார்ப்பதால் நம் பதில் அவர்களுக்குத் தெரிவதில்லை. நீங்கள் இங்கே இருக்கிறீர்கள். கேப் டவுனிலும் ஜொகன்னஸ்பர்க்கிலும் இப்போது பெரிய டேட்டா சென்டர்கள் இருக்கின்றன. கட்டணம் கூடுதலாக இருந்தால் கேமின் பகுதிகளைக் குறைத்துக்கொள்ளுங்கள், ஆனால் சர்வர் இங்கே இருக்கட்டும்.

அதோடு ஒன்று: சேவ், அதாவது ஆட்டத்தைச் சேமித்து வைப்பது. ஓய்வும் கோயிலில் மட்டும்தான், சேவும் கோயிலில் மட்டும்தான் என்று வைத்திருக்கிறீர்கள். ஓய்வுக்கு அந்தக் கட்டுப்பாடு இருக்கட்டும், எனக்குப் பிடித்திருக்கிறது. சேவ் செய்வதை அதிலிருந்து பிரித்துவிடுங்கள். 2023-இல் மின்வெட்டு மும்முரமாக இருந்தபோது இரண்டு மணி நேரம் கரண்ட் போய் வந்தால் பிள்ளைகள் எங்கே விட்டார்கள் என்று தெரியாமல் அழுத வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று.

நான் கேட்பது பெரிய மாற்றம் அல்ல என்று சொல்ல மாட்டேன். நெருப்பு பரவ வேண்டும், காற்று வீச வேண்டும், அரக்கன் ஆளைப் பார்த்து ஓட வேண்டும். ஒரு எண்ணைப் பாதியாக்குவதைவிட இது பல மாத வேலை. பகலில் வேலை, இரவில் இது என்று நீங்கள் ஓடுவதும் தெரியும். எல்லாம் முடியாவிட்டால் முதல் கரும்புக் காட்டை மட்டும் இப்படிச் செய்யுங்கள். ஒரு வயல், ஒரு காற்று, ஒரு நெருப்பு, வெட்டினால் விழும் ஒரு வரிசைக் கரும்பு. மற்ற அஸ்திரங்கள் பிறகு வரட்டும்.

அது தயாரானதும் சொல்லியனுப்புங்கள். சனிக்கிழமை தமிழ் வகுப்பு பன்னிரண்டு மணிக்கு முடிகிறது. பதினாறு பிள்ளைகள், எல்லோரும் கன்ட்ரோலர் பிடிக்கத் தெரிந்தவர்கள். மண்டபத்துச் சாவி என்னிடம் இருக்கும், மதியச் சாப்பாடு நான் செய்கிறேன். என் மருமகளிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. “அந்தக் கத்திப் பொண்ணு என்ன ஆனா அத்தை?” என்று இரண்டு முறை கேட்டுவிட்டாள்.

அன்புடன்,
சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு அக்கா
சாட்ஸ்வர்த், டர்பன்